ஜாய்ஸ்டிக்கில் வரைந்த அன்னம்

"மாமி, இது இன்னா பறவை? நீங்களே சொல்லுங்க."

தனலட்சுமி வாசற்படியில் நின்றிருந்தாள். வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. இடது கையில் சாண் அகலத்துக்கு ஒரு பட்டுத் துண்டு. மாதிரி பார்ப்பதற்காகத் தறியில் நெய்து அறுத்தது. அதை என் மேஜைமேல், பிரித்துப்போட்டிருந்த வீடியோ கேம் பெட்டியின் மேலேயே விரித்தாள். சால்டரிங் புகையோடு புதுப் பட்டின் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறியது.

அரக்குச் சிவப்பில் ஒரு சரிகைப் பறவை. கழுத்து நீளம், கால் நீளம், வயிறு ஒட்டிப்போயிருந்தது.

"கொக்கு" என்றேன். சொல்லிவிட்டுச் சிரித்தும் விட்டேன்.

சிரித்திருக்கக் கூடாது. அது கொக்கு அல்ல. ஒரு கல்யாணப் புடவையின் முந்தானைக்காக அவள் வரைந்த அன்னம். அதை வரைய வைத்தது என் கம்ப்யூட்டர்.

"உங்க டிவில அன்னமாத்தான் மாமி இருந்துச்சு. நீங்களும் பாத்தீங்கல்ல? தறியில ஏறினதும் கொக்கா பூட்ச்சு. சனிக்கிழமை முதலாளி வர்றாரு. இத்த எப்பிடி நான் அவருகிட்ட காட்டுவேன்?"

அவள் கண்ணில் நீர் முட்டியது. அன்றைக்குப் புதன்கிழமை.

டி.வி. மாமி

சின்னக் காஞ்சிபுரத்தில் என் பெயரைச் சொல்லி வீடு கேட்டால் யாருக்கும் தெரியாது. டி.வி. மாமி வீடு என்றால் பூக்காரி கூட வாசல் வரை கொண்டுவந்து விடுவாள். எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ படித்தவள் நான். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது சீர் பாத்திரங்களுக்கு நடுவே ஒரு மல்டிமீட்டரும் வந்தது. மாமியார் அதைக் கையில் எடுத்து, "இது எதை அளக்கறதுக்கு?" என்று கேட்டார். நான் சொன்ன பதில் அவருக்குப் புரியவில்லை. ஆனால் அடுத்த வாரமே அவருடைய ரேடியோவைப் பாட வைத்தேன். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

என் ஆத்துக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். விடியற்காலையில் கோயிலில் பிரபந்த கோஷ்டியில் நின்று சேவிப்பார். வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த ரேழியை எனக்கு விட்டுக்கொடுத்தார். அங்கேதான் என் மேஜை, என் கடை, என் ராஜ்யம் எல்லாம்.

டி.வி. ரிப்பேர் சோறு போட்டது. ஆனால் மனசு கிடந்தது வேறிடத்தில். பழைய வீடியோ கேம் பெட்டிகள், அப்புறம் கீபோர்டுக்குள்ளேயே மொத்த மூளையும் அடங்கிய அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர்கள். அவற்றுக்குத் தனித் திரை கிடையாது, வீட்டு டி.வி.யில் செருகிக்கொள்ள வேண்டும். எழுதியதைச் சேமிக்கப் பாட்டுக் கேட்கும் டேப் ரெக்கார்டரும் ஒரு கேசட்டும் போதும். தொண்ணூறுகளின் நடுவில் இதெல்லாம் பழசாகிப்போய், ஊரெல்லாம் பரணில் ஏறத் தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடம் ஒன்று தூக்கி எறிந்ததை ஒரு பழைய மிக்ஸிக்கு மாற்றாக வாங்கினேன். சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்த பெட்டிகள், ஓடவில்லை என்றதும் தானாகவே என் ரேழிக்கு வந்து சேர்ந்தன.

சில வெளிநாட்டுப் பெட்டிகளை நம்மூர் டி.வி.யில் செருகினால் படம் கறுப்பு வெள்ளையில் ஓடிக்கொண்டே இருக்கும், நிற்காது. உள்ளே ஒரு கிரிஸ்டலை மாற்றி, இரண்டு ஒயரை வெட்டி ஒட்டி, அதில் கலர் வரவழைப்பேன். கேம் கேசட் செருகும் இடத்துப் பித்தளைப் பற்களில் பச்சை பிடித்திருந்தால் பள்ளிக்கூட ரப்பரால் தேய்ப்பேன். வேறு அடாப்டரைச் செருகிப் பெட்டியைப் புகைய விட்டுக் கொண்டுவருகிறவர்களை முதலில் நன்றாகத் திட்டுவேன், பிறகுதான் பெட்டியைத் திறப்பேன். என்னிடம் ஏழு கேம் பெட்டியும் நாலு கம்ப்யூட்டரும் இருந்தன. பதினொன்றுக்கும் உயிர் இருந்தது. இதை நான் பீற்றிக்கொள்வதற்காகத்தான் சொல்கிறேன். இந்தப் பத்திரிகைத் தொடரை இத்தனை வாரம் படித்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது.

ஒரு ஜாய்ஸ்டிக் மட்டும் பல நாள் முரண்டு பிடித்தது. பட்டனை அழுத்தினால் உள்ளே தொட வேண்டிய கரி தேய்ந்துபோயிருந்தது. பென்சில் கரியைத் தடவினேன், சாக்லெட் காகிதத்தை ஒட்டினேன், எதுவும் இரண்டு நாளைக்கு மேல் நிற்கவில்லை. அப்போது தனலட்சுமிதான் தறியடியில் கிடந்த சரிகைத் துணுக்கு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். "வெள்ளி இழை மாமி, வச்சுப் பாருங்க" என்றாள். பட்டனுக்கு அடியில் ஒட்டினேன். கும்மென்று வேலை செய்தது.

அதே ஜாய்ஸ்டிக்கில்தான் பின்னால் அன்னம் வந்தது.

அட்டையின் மேல் ஒரு பெயர்

தனம் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. என் வயசுதான். டேப் ரெக்கார்டர் ரிப்பேருக்கு வந்தவள், அப்புறம் ரிப்பேர் இல்லாமலே வர ஆரம்பித்தாள்.

அவள் வேலை புடவைக்கு டிசைன் வரைவது. கட்டம் போட்ட தாளில், ஒரு கட்டம் ஓர் இழைக்குக் கணக்காக, மயிலும் யானையும் ருத்திராட்சமும் வரைவாள். அந்தத் தாளைப் பார்த்து அட்டையில் துளை குத்துவார்கள். துளையிட்ட அட்டைகளைக் கோத்துத் தறியின் மேலே மாட்டினால், எந்த இழை தூக்க வேண்டும் எது சும்மா இருக்க வேண்டும் என்று அதுவே சொல்லும். எனக்கு இதை அவள் முதல்முறை விளக்கியபோது நான் குதித்தேன். "தனம், இது கம்ப்யூட்டர்தானே!" என்றேன். "இது தறி மாமி" என்றாள், பொறுமையாக.

அந்த அட்டைக் கட்டின் முதல் அட்டையில் வரைந்தவர் பெயரை மசியால் எழுதி வைப்பது அவர்கள் வழக்கம். தனம் பத்து வருஷமாக வரைந்த அத்தனையிலும் அவள் அண்ணன் பெயர்தான் இருந்தது. அண்ணன் பெயருக்கு ஊரில் மதிப்பு; தங்கை வீட்டுக்குள் உட்கார்ந்து வரைவாள். அந்த வருஷம்தான் ஏகாம்பரம் முதலாளி, பெரிய இடத்துக் கல்யாணப் புடவை ஒன்றின் முந்தானையை நேரடியாக அவளிடமே கொடுத்தார். முதல் அட்டையில் முதல்முறையாக அவள் பெயர் வரப்போகிறது.

பத்தே நாளில் தாமல் ஏரிக்கரை ரோட்டில் மொபெட்டிலிருந்து விழுந்தாள். வலது மணிக்கட்டு போச்சு. ஆறு வாரம் கட்டு என்றார் டாக்டர். தறியில் பாவு நூல் ஏற்றியாகிவிட்டது, அது காத்திருக்காது. முதலாளி மூன்று வாரம் தவணை கொடுத்தார். அதற்குள் மாதிரி வராவிட்டால் வேலை பிள்ளையார்பாளையத்தில் வேறு ஆளிடம் போய்விடும்.

"அண்ணன் வரையட்டுமேம்மான்னாரு முதலாளி" என்று சொன்னாள். அதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

முதலில் நான் அவளுக்குக் கையாக இருப்பதாக ஏற்பாடு. அவள் சொல்லச் சொல்ல நான் தாளில் கட்டத்தை நிரப்ப வேண்டும். இரண்டு மணி நேரத்தில் சண்டை வந்துவிட்டது. "அங்க இல்ல மாமி, இங்க!" என்பாள். அழித்து அழித்துத் தாளில் ஓட்டை விழுந்தது. "உன் அன்னத்துக்கு இறக்கை எந்தப் பக்கம்னு நீயே முதல்ல முடிவு பண்ணு" என்று கத்தினேன். வரைந்து பார்க்காமல் அவளுக்கு முடிவு பண்ணத் தெரியாது என்று அப்புறம்தான் உறைத்தது. அவளுடைய யோசனை முழுக்கக் கையில்தான் இருந்தது.

சரி, இன்னொரு கை இருக்கிறதே.

இடது கை

இரண்டு நாள் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் எழுதினேன். டி.வி. திரை முழுக்கக் கட்டம். ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினால் ஒரு புள்ளி கட்டம் கட்டமாக நகரும். பட்டனை அழுத்தினால் கட்டம் நிரம்பும், மறுபடி அழுத்தினால் அழியும். அவ்வளவுதான். விமானத்தைச் சுட்டுத் தள்ளுவதற்குச் செய்த ஜாய்ஸ்டிக்கை இடது கையில் பிடித்துக்கொண்டு தனம் முதல் கட்டத்தை நிரப்பினாள். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

காபி ஆறிப்போனது. மோர் கொண்டுவந்து வைத்தேன், அதுவும் அப்படியே இருந்தது. மத்தியானத்துக்குள் ஓர் அலகும் ஒரு கண்ணும் வந்துவிட்டன. அந்தக் கண் என்னைப் பார்த்தது.

கரண்ட் போனால் எல்லாம் போச்சு. அதனால் ஒவ்வொரு பாகம் முடிந்ததும் கேசட்டில் பதிவு செய்தோம். கீச்கீச்சென்று காதைக் கிழிக்கும் சத்தம். அவசரத்தில் கைக்கு அகப்பட்ட கேசட், ஆத்துக்காரர் பாசுரம் பாடம் பதிந்து வைத்திருந்ததன் மறுபக்கம். அவர் ஒருநாள் தெரியாமல் அந்தப் பக்கத்தைப் போட்டுவிட்டு ரேழிக்கு ஓடிவந்தார்.

"ஏண்டி, என்ன இது? எலி மாட்டிண்டாப்ல கத்தறது!"

"அன்னத்தோட வால்" என்றேன். மனுஷன் வந்த வேகத்திலேயே உள்ளே போய்விட்டார்.

இங்கேதான் என் புத்திசாலித்தனம் என் காலை வாரியது. திரையில் இருப்பதைத் தாளில் பிரதி எடுத்து, அதைப் பார்த்து அட்டை குத்துவதுதான் முறை. எதற்கு இரட்டை வேலை? கம்ப்யூட்டரே ஒவ்வொரு வரியையும் எண்ணிச் சொல்லட்டும் என்று புரோகிராமை மாற்றினேன். மூன்று விடு, நாலு குத்து, ஒன்று விடு. அதை ஒரு நீள நோட்டில் எழுதி நேராக அட்டை குத்துகிறவரிடம் கொடுத்தோம். அவர் மிரண்டுபோனார். "தாளே இல்லாமயா?" என்று கேட்டாராம். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். புடவைக்குக் காலர் கிடையாது என்றாலும் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அதன் பலன்தான் புதன்கிழமை வாசலில் வந்து நின்ற கொக்கு.

தப்பு யாருடையது

முதலில் அட்டை குத்தியவர்மேல் பழியைப் போட்டேன். தனம் வரி வரியாக எண்ணிப் பார்த்தாள். ஒரு துளை கூடத் தப்பில்லை. பிறகு நெய்தவர்மேல் போட்டேன். "அவரு நாப்பது வருஷமா நெய்றாரு மாமி" என்றாள். பிறகு கம்ப்யூட்டரைச் சந்தேகப்பட்டேன். அதுவும் சரியாகத்தான் எண்ணியிருந்தது. மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான்.

"உன் பழைய தாள் ஒண்ணு கொண்டா" என்றேன்.

ருத்திராட்சம் வரைந்த தாளைக் கொண்டுவந்தாள். ஸ்கேலை வைத்து அளந்தேன். அகலத்தில் பத்துக் கட்டம் எவ்வளவு, உயரத்தில் பத்துக் கட்டம் எவ்வளவு என்று. இரண்டும் ஒன்றாக இல்லை. அந்தத் தாளில் எந்தக் கட்டமும் சதுரமே இல்லை. கொஞ்சம் நெட்டையாக இருந்தது.

"தனம், இந்தக் கட்டமெல்லாம் ஏன் இப்படி நெட்டையா இருக்கு?"

"தாளு அப்பிடித்தான் மாமி கடையில வரும். நான் இத்தினி வருசமா அதுலதான் வரையிறேன்."

அவளுக்கும் தெரியாது. தெரிய வேண்டிய தேவையே வரவில்லை. தறியில் நீளவாக்கில் போகும் பாவு இழைகள் நெருக்கம். குறுக்கே போகும் ஊடை இழைகள் அவ்வளவு நெருக்கம் இல்லை. அதனால் துணியில் ஒவ்வொரு கட்டமும் நெட்டையாகத்தான் விழும். எந்தக் காலத்திலோ யாரோ அதைக் கணக்குப் போட்டுத் தாளையே அப்படி அச்சடித்துவிட்டார்கள். அவள் கண்ணுக்கு எது அழகோ அதைத் தாளில் வரைவாள், அது அப்படியே துணியில் வரும். நான் சதுரக் கட்டம் போட்டுக் கொடுத்தேன். போதாக்குறைக்குத் தாளையும் ஒழித்துக்கட்டினேன். தாளில் ஒருமுறை பிரதி எடுத்திருந்தால் கொக்கு அன்றைக்கே அகப்பட்டிருக்கும்.

"தப்பு என்னுதுடி தனம்" என்றேன். அப்படிச் சொல்லிப் பழக்கமில்லாத வாய். உள்ளே ஆத்துக்காரர் விசிறிக்கொண்டிருந்த விசிறியின் சத்தம் நின்றது. அவர் காதில் நன்றாகவே விழுந்திருக்கிறது.

வளையல்

கட்டத்தின் உயரத்தை புரோகிராமிலேயே மாற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். நானும் பார்த்தேன். அந்தச் சின்னக் கம்ப்யூட்டரில் கட்டத்தைக் கூட்டினால் ஒரேயடியாகக் கூடும், குறைத்தால் ஒரேயடியாகக் குறையும். தறி கேட்கிற அளவு இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

நான் யார், டி.வி. மாமி அல்லவா? கம்ப்யூட்டர் மசியாவிட்டால் டி.வி.யை மடக்கலாம்.

டி.வி.யின் முதுகுக்குள் படத்தின் உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சின்னத் திருகு உண்டு. படம் குறுகிப்போய் வரும் செட்டுகளில் அதைத்தான் திருப்புவோம். கம்ப்யூட்டர் படத்தைச் சுற்றி எப்போதும் வெற்று விளிம்பு இருக்கும். உயரத்தைக் கூட்டினால் அந்த விளிம்புதான் வெளியே போகும், வரைந்தது போகாது. ஆனால் எவ்வளவு கூட்டுவது?

"அந்த ருத்திராட்சத்தைத் திரையில போடு" என்றேன். துணியில் அது அச்சு வட்டமாக விழும் என்று ஊருக்கே தெரியும். தனம் கட்டத்தை மனப்பாடமாகப் போட்டாள். என் திரையில் அது அமுங்கிய வடையாக வந்தது.

வளையல்களைக் கழற்றி மேஜையில் வைத்தேன். ஓடுகிற டி.வி.க்குள் கையை விடும்போது உலோகம் கூடாது. இன்னொரு விதியும் உண்டு: ஒரு கைதான் உள்ளே போக வேண்டும், மற்ற கை எதையும் தொடக் கூடாது. இடது கையை இடுப்புப் புடவைக்குள் செருகிக்கொண்டேன். அங்கே அவளுக்கு ஒரு கை மாவுக்கட்டில், இங்கே எனக்கு ஒரு கை இடுப்பில். இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டே கை.

டி.வி.யின் பின்னால் இருக்கும் எனக்குத் திரை தெரியாது. தனம்தான் கண். என் வளையல் ஒன்றை எடுத்துக் கண்ணாடிமேல், அந்த ருத்திராட்சத்தின்மேல் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் மாமி. மேல இன்னும் வர்ணும். இன்னும் கொஞ்சம்."

பிளாஸ்டிக் திருப்புளியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை.

"ஐயோ, தாண்டிச்சு! திருப்புங்க, திருப்புங்க. ஆங், நிறுத்துங்க! உக்காந்துடுச்சு மாமி!"

முன்னால் ஓடிவந்து பார்த்தேன். வளையலுக்குள் ருத்திராட்சம் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. எத்தனையோ செட்டைச் சரி செய்திருக்கிறேன். ஒரு செட்டை வேண்டுமென்றே கெடுத்து இவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

பிறகு பழைய அன்னத்தைக் கேசட்டிலிருந்து ஏற்றினோம். திரையில் கொக்கு வந்து நின்றது. தனம் அதைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தாள். "இரு, உன்ன கவனிக்கிறேன்" என்று ஜாய்ஸ்டிக்கை எடுத்தாள். புதன் மத்தியானமும் வியாழன் பகலும் உட்கார்ந்து கழுத்தை வளைத்தாள், காலைக் குறைத்தாள், வயிற்றை நிரப்பினாள். இந்தத் தடவை தாளில் ஒரு பிரதி எடுத்து நாலு பக்கமும் திருப்பிப் பார்த்த பிறகே அட்டைக்கு அனுப்பினேன்.

மிஷினு வரைஞ்சதா?

சனிக்கிழமை ஏகாம்பரம் முதலாளி ரேழிக்கே வந்துவிட்டார். மாதிரித் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். விரலால் கழுத்து வளைவைத் தடவினார்.

"அன்னம் நல்லா உக்காந்துக்கினு இருக்குது. யாரும்மா வரைஞ்சது?"

"நான்தாங்க."

"கையிலதான் கட்டு இருக்குதே?"

தனம் ஜாய்ஸ்டிக்கைக் காட்டினாள். அவர் டி.வி.யைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், முகம் சுருங்கியது. "ஓ, மிஷினு வரைஞ்சதா. அப்ப அட்டையில உன் பேர எப்பிடிம்மா போடறது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மிஷினுக்கு அன்னமும் தெரியாது, கொக்கும் தெரியாது. சந்தேகமா இருந்தா நீங்களே உக்காந்து வரைஞ்சு பாருங்கோ" என்று ஜாய்ஸ்டிக்கை அவர் கையில் திணித்தேன். பெரிய மனுஷர் என்றும் பார்க்கவில்லை.

உட்கார்ந்தார். ரோஷக்காரர்தான். கால் மணி நேரம் மல்லுக்கட்டினார். திரையில் வந்ததைப் பறவை என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஜாய்ஸ்டிக்கைத் தனத்திடம் நீட்டினார். அவள் அந்தக் கிறுக்கலை அழிக்காமல், அங்கே நாலு கட்டம் இங்கே ஆறு கட்டம் என்று சேர்த்து அதையே ஒரு கிளியாக்கினாள்.

முதலாளி எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டார். "அட்டைய கட்டிடச் சொல்லும்மா. மொத அட்டையில தனலட்சுமின்னு முழுசா எழுதச் சொல்லு."

அவர் தெருமுனை திரும்பும்வரை அடக்கிக்கொண்டிருந்தாள். அப்புறம் மாவுக்கட்டோடு என்னைக் கட்டிக்கொண்டாள். கட்டு என் முதுகில் நன்றாக இடித்தது. வலித்தது, இருந்தாலும் நான் விலகவில்லை.

நெட்டை மனிதர்கள்

அந்த டி.வி.யின் திருகை நான் திரும்பப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகவே இல்லை. கட்டுப் பிரித்த பிறகும் தனம் வலது கையால் தாளிலும் இடது கையால் என் திரையிலும் வரைந்துகொண்டிருந்தாள். செய்தி வாசிக்கிறவர், கிரிக்கெட் ஆடுகிறவர், எல்லாருமே அதில் நெடுநெடுவென்று தெரிந்தார்கள்.

"ஏண்டி, லோகத்துல எல்லாரும் ஏன் இவ்வளவு நெட்டையா போயிட்டா?" என்பார் ஆத்துக்காரர்.

"நீங்க தறிக் கண்ணால பார்க்கறேள்" என்பேன்.

சில வருஷம் கழித்து ஏனாத்தூர் பக்கம் ஒரு கல்யாணம். மணப்பெண்ணின் முந்தானையில் வரிசையாக அன்னங்கள், நடுவில் ருத்திராட்சம். வாழ்த்திவிட்டு வர வேண்டியவள், கையிலிருந்த வளையலைக் கழற்றி அந்த ருத்திராட்சத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

பெண்ணின் அம்மா பதறிப்போய் வந்துவிட்டாள். "இன்னா மாமி பண்றீங்க?"

"வட்டமா இருக்கான்னு பார்த்தேன்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பெருமையை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. முந்தானையை விரித்துக் காட்டினாள். "இது தனம் அன்னம் மாமி. பேரு சொல்லிக் கேட்டு வாங்கினோம். இப்ப வர்ற மாதிரி கம்ப்யூட்டர்ல போட்டதில்ல, முச்சூடும் கையால வரைஞ்சது!"

என் நாக்கு துடித்த துடிப்பு எனக்குத்தான் தெரியும். கம்ப்யூட்டர், கேசட், திருகு, எல்லாம் தொண்டை வரை வந்துவிட்டன. முந்தானையில் இருந்த அன்னத்தின் கண் என்னைப் பார்த்தது. வளையலைக் கையில் போட்டுக்கொண்டேன்.

"கையாலதான்" என்றேன். "நான் பக்கத்துல இருந்து பார்த்தேன். இடது கையால."